பஸ்ஸில் மூன்று சீட்டு

இருநூற்று நாற்பது பவுண்டு எடையுள்ள கன்னர் மான்குட்டி போல ஓடுவதை டெல்பர்ட் திரையில் நான்காவது முறையாகப் பின்னால் ஓட்டிப் பார்த்தார்.

சந்தேகமே இல்லை. முதுகில் 34, கன்னரின் எண். போன வருஷம் வரை பத்தடி ஓடினாலே இடுப்பில் கைவைத்து நிற்கிற பையன், செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் நான்கு பேரை ஏமாற்றிவிட்டு ஓரக்கோட்டை ஒட்டிப் பறக்கிறான்.

"இளைச்சிருக்கான்," என்றார் டெல்பர்ட், காலி அறையைப் பார்த்து. "நான் போட்டுக் குடுத்த சாப்பாட்டுப் பட்டியல் வேலை செய்யுது."

நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில், ஒரு பக்கம் சோளமும் மறுபக்கம் சர்க்கரை பீட்ரூட்டுமாக இருக்கும் ஒரு சின்னக் கல்லூரி அது. அதன் அமெரிக்க ஃபுட்பால் அணியில் டெல்பர்ட் ரன்னிங் பேக்குகளின் பயிற்சியாளர். பந்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரிகள் மேலே விழுந்து அமுக்குவதற்குள் முடிந்த மட்டும் ஓடுவது அந்தப் பையன்கள் வேலை. அவர்களை ஓட வைப்பது இவர் வேலை. ஆகஸ்டில் முழங்காலில் ஆபரேஷன் ஆகிவிட்டதால் மைதானத்தில் இறங்க முடியவில்லை. காலை நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு, கோபுரத்துக் கேமரா எடுத்த படங்களைப் பார்த்தே காலம் தள்ளினார். தோள்கவசமும் கூண்டு வைத்த ஹெல்மெட்டும் மாட்டிவிட்டால் மேலேயிருந்து பார்க்க எல்லோரும் நகரும் அலமாரிகள்தான். எண்தான் அடையாளம்.

தலைமைப் பயிற்சியாளர் கெஸ்லர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். தடுப்பாட்டக்காரர்களைத் தவிர மற்றவர்கள் அவர் கண்ணுக்கு மனிதர்களாகத் தெரியமாட்டார்கள்.

"டெல்பர்ட், ஆட்டத்துக்குப் போற பஸ்ஸுல ரன்னிங் பேக்குக்கு மூணு சீட்டுதான். உங்கிட்ட நாலு பேரு இருக்கான். எவன் எதுக்கு லாயக்குன்னு ஒரு பக்கம் எழுதிக் குடு. வெள்ளிக்கிழமைக்குள்ள."

"எழுதிடறேன்."

"போன வருஷம் மாதிரி இந்த வருஷமும் உன் பசங்க நொண்டினா, நீ உன் மச்சான்கூட உரம் விக்கப் போயிடலாம். நானே கையசைச்சு வழியனுப்பறேன்."

மச்சானின் உரக்கடை என்றாலே டெல்பர்ட்டுக்கு ஆகாது. பத்தொன்பது வருஷமாக அந்த ஆள் 'எப்ப வர்றே?' என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

மேசைமேல் ஒரு துண்டுச்சீட்டு ரொம்ப நாளாகக் கிடந்தது. சலவை அறை வெர்னா அனுப்பியது. 'நாலாவது பையனுக்கு என்ன நம்பர்?' அதன்மேல் காபிக் கோப்பையை வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

ஊரறிந்த விஷயத்தை எழுதியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. 22, பிரூயிட்: ஒல்லி, வேகம், ஓரமாகச் சுற்றி ஓடுவான். 34, கன்னர்: பாரம், நடுவே முட்டி ஒரு கஜம் பிடுங்குவான். 28, கீட்டன்: எறிகிற பந்தைப் பிடிப்பான், அடி என்றால் ஒதுங்கிவிடுவான்.

ஆனால் படம் வேறு கதை சொன்னது. செவ்வாய் கன்னர் பறந்தான். புதன் ஒல்லிப் பிரூயிட் மூன்று தடியர்களை முட்டித் தள்ளினான். வியாழன் கீட்டன், பந்து எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவர் போல நின்று அடி வாங்கினான்.

"எல்லாரும் இத்தனை நாள் இவங்களைத் தப்பாப் பாத்திருக்கோம்!" டெல்பர்ட்டுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மூன்று பேரின் வேலையையும் மாற்றி எழுதினார்.

நாலாவது ஆள் ஓரின். உதவித்தொகை எதுவும் இல்லாமல் தானாக வந்து சேர்ந்த பண்ணைப் பையன். மூன்று வாரப் படத்தில் அவன் ஒரு நொடிகூட இல்லை. கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னப்பா, உன்னைப் படத்துல எங்கயுமே காணோம்?"

"தினமும் வந்தேன் கோச்."

"வந்து? தண்ணி டிரம்முக்குக் காவல் இருந்தியா?"

"ஓடினேன் கோச்."

"படம் பொய் சொல்லாதுப்பா."

திரையில் 22 மூன்று பேரை முட்டியபடி உறைந்து நின்றது. ஓரின் அதையே பார்த்தான்.

"இது நல்லா இருக்கா கோச்?"

"நல்லா இருக்காவா? இந்த மாதிரி ஒரு நாள் நீ ஓடிக் காட்டு, உன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போறேன். இப்ப பையைக் கட்டு, அணியில உனக்கு இடமில்ல."

"சரி கோச்," என்றான் ஓரின். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனான். சில பேருக்குத் தங்களுக்காகச் சத்தம் போடக்கூடத் தெரியாது. உலகம் அவர்களைத்தான் முதலில் வெளியே அனுப்புகிறது.

முதல் ஆட்டம். ஓரமாக ஓட விட்ட கன்னர் பாதியில் நின்று மூச்சு வாங்கினான். எதிரிகள் அவசரமில்லாமல் நடந்து வந்து சாய்த்தார்கள். நடுவில் அனுப்பிய பிரூயிட்டை ஆள் குவியலுக்கடியிலிருந்து தேடி எடுக்க வேண்டியிருந்தது. கீட்டன், ஓடி வந்த எதிரிக்குக் கல்யாண வீட்டு ஆள் மாதிரி வழிவிட்டான். குவார்ட்டர்பேக்குக்குக் கொஞ்ச நேரம் தான் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்றே தெரியவில்லை.

"பயந்துட்டானுங்க," என்றார் டெல்பர்ட்.

"எனக்கே பயமாத்தான் இருந்துச்சு," என்றார் கெஸ்லர்.

டெல்பர்ட் பழைய படங்களை மறுபடி அலசினார். இரண்டாம் வாரப் படத்தில் கன்னர் பந்தைப் பூப்போலப் பிடிக்கிறான். பிரூயிட் சுவராக நிற்கிறான். கீட்டன் நடுவில் முட்டுகிறான். ஆக, தப்பு பையன்கள்மேல் இல்லை. முதல் வாரத்தை மட்டும் நம்பியதுதான் தப்பு. மறுபடி மாற்றினார்.

இரண்டாவது ஆட்டத்தில் பந்து கன்னரின் ஹெல்மெட்டில் பட்டு எதிரியின் கையில் போய் உட்கார்ந்தது. சுவராக நின்ற பிரூயிட் சுவரோடு சேர்ந்து சாய்ந்தான். கீட்டன் முட்ட வேண்டிய இடத்தில் பந்தைக் கீழே வைத்துவிட்டு விலகினான்.

"டெல்பர்ட், உன் மச்சானோட நம்பர் இருக்கா?" என்றார் கெஸ்லர். "அடுத்த சனிக்கிழமைக்கு அப்புறம் தேவைப்படும்."

"படத்தைப் பாருங்க சார்! மூணு பேரும் எல்லாமே செய்யறானுங்க! மைதானத்துல ஏன் செய்ய மாட்டேங்கறானுங்கன்னுதான் புரியல!"

"உன் மச்சான்கிட்ட கேளு. உரத்துல ஏதாவது இருக்கும்."

அவமானத்தில் டெல்பர்ட்டுக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு வந்த புதுப் படத்தைப் போட்டார். செவ்வாய்ப் பயிற்சி. 34 எங்குமே இல்லை. கன்னருக்குப் போன் போட்டார்.

"செவ்வாய்க்கிழமை எங்கடா போயிருந்த?"

"செவ்வாய் எனக்கு லேப் கோச்."

"எப்பலேர்ந்து?"

"காலேஜ் திறந்ததுலேர்ந்தே. சொன்னா திட்டுவீங்கன்னு..."

"புளுகாதடா! போன மாசம் ஒவ்வொரு செவ்வாயும் நீ ஓடினதை என் கண்ணால பாத்தேன்!"

"என்னையா?" கன்னரின் குரலில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. "நல்லா ஓடினேனா கோச்?"

டெல்பர்ட் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக அடித்தளத்துக்குப் படியிறங்கினார். சலவை அறை சோப்பு வாசனையும் வெக்கையுமாக இருந்தது. வெர்னா துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கொக்கியில் 34 தொங்கியது.

"வெர்னாக்கா, செவ்வாய்க்கிழமை இந்தச் சட்டையை யாருமே போடறதில்லையா?"

"இப்ப போட ஆளு எங்க இருக்கு?"

"இப்பன்னா?"

வெர்னா மடித்த துண்டைக் கீழே வைத்தாள்.

"நாலாவது பையனுக்கு என்ன நம்பர்னு சீட்டு அனுப்பினேன், நீ பதிலே போடல, அதனால அன்னன்னிக்கு எவன் மட்டம் போட்டானோ அவன் சட்டையத்தான் ஓரினுக்கு மாட்டி அனுப்பினேன், செவ்வாய் முப்பத்துநாலு, புதன் இருபத்திரண்டு, வியாழன் இருபத்தெட்டு."