ஃப்ரீசர்மேல் குந்திய மோப்பம் அண்ணன்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் எந்த மேனேஜருக்கும் பயப்படாத ஒரே மனிதர் எங்கள் மோப்பம் அண்ணன்தான். ஆனால் லேப் ஃப்ரீசரைத் திறக்கும் முன் இரண்டு தட்டுத் தட்டி, கொஞ்சம் நின்று, அப்புறம்தான் திறப்பார். "தூங்கிக்கினு கீதுங்க நைனா. திடீர்னு தொறந்தா பேஜாராயிடும்" என்பார்.

உள்ளே தூங்கியவை ஆன்டிபாடிகள். எங்கள் கம்பெனி அவற்றைக் குட்டிக் குப்பிகளில் அடைத்து ஆராய்ச்சிக்கூடங்களுக்கு விற்றது. மனித செல்லுக்குள் டி.என்.ஏ. நூலைப் பற்றிக்கொண்டு தொங்கும் ஒரு புரதம் உண்டு; அதை மட்டும் காட்டிக்கொடுப்பதே எங்கள் சரக்கின் வேலை. கல்லூரியில் மூன்று வருடம் விளக்கியும் இது என் மண்டையில் ஏறவில்லை. அண்ணன் ஒரு டீ ஆறுவதற்குள் ஏற்றினார்: "மோப்ப நாய்டா அது. கும்பல்ல ஒருத்தனத்தான் கவ்வணும். பக்கத்துல நிக்கிறவன் வேட்டியக் கவ்வக்கூடாது." அவருக்குப் பெயர் வந்த கதை இதுதான்.

சோதனையில் அவருக்கு ஒரு பிடிவாதம். புரதம் உள்ள செல்லோடு, அந்தப் புரதத்தையே நீக்கிய செல்லையும் பக்கத்தில் வைத்துத்தான் ஓட்டுவார். முதலாவதில் ஆன்டிபாடி புரதத்தைக் கவ்வி, ஃபிலிமில் கறுப்புக் கோடு விழ வேண்டும். இரண்டாவது வெறிச்சென்று இருக்க வேண்டும். அந்த வெற்றிடத்தை, மகளின் மார்க் ஷீட்டைப் பார்ப்பதுபோல் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்ப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் லீவு. புதிதாகத் தயாரான சரக்கு லாட்டை நான் சோதித்தேன். ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், புரதம் நீக்கிய செல்லைச் சேர்க்காமலே விட்டுவிட்டேன். கறுப்புக் கோடு ஜம்மென்று விழுந்தது. "பாஸ்" என்று எழுதி, கொம்பு சுழியெல்லாம் வைத்துக் கையெழுத்தும் போட்டேன்.

திங்கட்கிழமை அண்ணன் மறுபடி ஓட்டினார். புரதமே இல்லாத செல்லிலும் அதே கோடு, அதே கறுப்பு. நாய் ஊரார் வேட்டியையெல்லாம் கவ்வியிருந்தது.

வாசலில் அந்த லாட்டை ஏற்றிப் போக வண்டி நின்றது. மேனேஜர் என் ரிப்போர்ட்டோடு வந்தார். "பாஸ்னு கையெழுத்து இருக்குல்ல? பேக் பண்ணு."

அண்ணன் ஃப்ரீசரின் மூடியைச் சாத்தினார். அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். டிபன் பாக்ஸைத் திறந்தார்.

"இறங்குய்யா! வேலை போயிடும்!"

"போவட்டும் சார். இத வாங்குறவன் கேன்சர் ஆராய்ச்சி பண்றவன். இல்லாத ஒண்ண இருக்குதுனு நம்பி வருசக்கணக்கா அலைவான். நம்ம ஊட்டு நாயி, நாமதான் கட்டிப் போடணும்."

"கையெழுத்து போட்டவனே சும்மா நிக்கிறான். உனக்கென்னய்யா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பல்லியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுகிற வீரன் நான். இருந்தும் போய், மேனேஜர் கையிலிருந்த ரிப்போர்ட்டை வாங்கி, என் கையெழுத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன்.

"பாதி டெஸ்ட்தான் பண்ணேன் சார்."

பிறகு நானும் ஃப்ரீசர்மேல் உட்கார்ந்தேன்.

"மெதுவா குந்து நைனா, மூடி ஒடஞ்சிடப் போவுது" என்று எலுமிச்சைச் சோற்றை என் பக்கம் தள்ளினார் அண்ணன்.

வண்டி காலியாகத் திரும்பியது. இருவருக்கும் மெமோ வந்தது. நான் மூன்று பக்கம் மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுதியது ஒரே வரி: "தப்பு செய்தது ஆன்டிபாடி, அதனிடம் எழுதி வாங்கவும்." மறுமாதம் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது ஃப்ரீசர் என் பொறுப்பில். திறக்கும் முன் இரண்டு தட்டுத் தட்டுகிறேன். உள்ளே இருப்பவற்றுக்குக் காது கிடையாது என்பது பட்டம் வாங்கிய எனக்குத் தெரியும். நான் தட்டுவது அவருக்காக.