ஆர்டர் பட்டன்

"இந்த ஆர்டர் பட்டனை அழுத்தினா ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது மேடம். ஒரு மணி நேரம் தர்றேன், சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜர் ஜீஷான் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

நாற்பத்து மூன்று வயதில் புதிதாகக் கோடிங் படித்து இன்டர்வியூவுக்கு வந்திருந்த மர்சலின் திரையைப் பார்த்தாள். ஒரு பிரியாணிக் கடையின் வெப்சைட். மூலையில் 'இன்றைய ஆர்டர்: 0'. டெஸ்டுக்கென்று பிரமாதமாக ஜோடித்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டாள். இதற்கு முன் நான்கு கம்பெனிகளில் அவள் வயதைக் கேட்டதுமே கையைப் பிசைந்தார்கள். அடையாறில் இருக்கும் இந்த மாடி ஆபீஸ் மட்டும்தான் உள்ளே உட்கார வைத்திருக்கிறது. விடக்கூடாது.

ஜாவாஸ்கிரிப்டில் பட்டனைத் தேடிப் பிடித்து, அழுத்தினால் ஆர்டர் போகும்படி எழுதிச் சேமித்தாள். அவள் எழுதிய நிரல் வெப் பக்கத்தின் உச்சியிலிருந்த முதல் பட்டனைப் பிடித்துக்கொண்டது. 'தேடுக'வை அழுத்தினால் மட்டன் பிரியாணி ஆர்டரானது.

"ஐயோ மாதாவே!"

சரி, எல்லா பட்டனையும் பிடித்துவிடுவோம் என்று மாற்றி எழுதினாள். இப்போது 'ரத்து செய்க'வை அழுத்தினாலும் இன்னொரு பிரியாணி போயிற்று.

மூலையில் ஆர்டர் கணக்கு 9 என்றது. அவள் அழுத்தியதோ இரண்டே முறை. "இதுக்கு வேற கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று அதைப் பூஜ்யமாக்கினாள். அது கண் எதிரிலேயே 14 ஆயிற்று.

ரத்து பட்டனையாவது தூக்கிவிடலாம் என்று போனாள். பட்டனை நீக்குவதற்குப் பதில் அது இருந்த பெட்டியையே நீக்கிவிட்டாள். மட்டன் பிரியாணி, படத்தோடும் விலையோடும் மாயமானது.

கதவு திறந்தது. "ஆச்சா மேடம்?" என்றான் ஜீஷான்.

"இதோ சார், அஞ்சே நிமிஷம்!" என்று திரையை உடம்பால் மறைத்துக்கொண்டாள்.

கதவு சாத்தியதும் தான் எழுதியது அத்தனையையும் அழித்தாள்; நீக்கிய பெட்டியையும் திரும்ப வைத்தாள். முதலில் இருந்த நிரலை வரிவரியாகப் படித்தாள். பன்னிரண்டாவது வரியில் விரல் நின்றது. நிரல் தேடியது 'order' என்ற பெயருள்ள பட்டனை. வெப் பக்கத்தில் பட்டனுக்கு வைத்திருந்த பெயரோ 'oder'. இல்லாத பெயரைக் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

"ஸ்பெல்லிங் மிஸ்டேக்!" பதினாறு வருஷம் ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் நோட்டு திருத்தியவள் மேஜையில் ஓங்கித் தட்டினாள். ஓர் எழுத்தைச் சேர்த்துச் சேமித்தாள். ஆர்டர் பட்டன் ஒழுங்காக வேலை செய்தது. தேடுக தேடியது, ரத்து ரத்து செய்தது.

ஜீஷான் ஓடி வந்து அழுத்திப் பார்த்தான். மறுபடியும் அழுத்திப் பார்த்தான். "மேடம், நாளைக்கே ஜாயின் பண்ணிடுங்க. ப்ளீஸ்!"

மர்சலின் கைப்பையை மாட்டிக்கொண்டு ராணி மாதிரி வெளியே வந்தாள். மாடிப்படியில் சமையல் மாஸ்டர் மெஹபூப் பாஷா, தோள் துண்டால் வியர்வையைத் துடைத்தபடி மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"பட்டனை ரிப்பேர் பண்ணது நீதானாம்மா?"

"ஆமாங்க. டெஸ்டுல நடுவுல கொஞ்சம் சொதப்பிட்டேன். ஆனா பாஸ்!"

"டெஸ்டா? இன்னாம்மா நீ, பத்து நாளா ஈ ஓட்டிக்கினு இருந்த நம்ம கடையோட நெசமான வெப்சைட்டும்மா அது. கீழ இப்ப மூணாவது அண்டா அடுப்புல ஏறிக்கீது!"