மாப்பிள்ளையின் சனிக்கிழமை எடை

ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் செருகி, மறு முனையை நாயின் விலாவில் வைத்து, மெக்கானிக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். லாரி இன்ஜினில் எந்த பேரிங் கத்துகிறது என்று கண்டுபிடிக்க முப்பது வருஷமாக அவர் செய்வது இதைத்தான்.

"என்ன சொல்லுது?" என்றார் பக்கத்துப் பட்டறை வெல்டர்.

"காத்து போற வழியில அடைப்பு. உள்ள இழுக்கறப்ப கொர்ருங்குது, வெளிய விடறப்ப புஸ்ஸுங்குது. இந்தச் சத்தத்தோட ஒரு வண்டி வந்தா, நாலு கிலோமீட்டர்ல நின்னுடும்னு சொல்லிடுவேன்."

"இதுதான் நிக்கவே மாட்டேங்குதே. படுத்துல்ல கிடக்கு."

அது மகள் வளர்த்த புல்டாக். கல்யாணப் பேச்சு எடுத்தபோதெல்லாம் நழுவிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் இதைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டாள். அன்றிலிருந்து மெக்கானிக் அதை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார். தொப்பை, குறட்டை, எதைக் கொடுத்தாலும் திருப்தி தெரியாத முகம் என்று மாப்பிள்ளை லட்சணத்தில் எந்தக் குறையும் அதற்கு இல்லை.

இப்போது மகளுக்கு வேறு ஊரில் வேலை. முதல் மூன்று மாதம் லீவு கிடையாது. மெக்கானிக்கின் அப்பா மூட்டை சுமந்தவர். இவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தே பாதி ஆயுளைக் கழித்தவர். நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை அந்தக் குடும்பத்தில் அவளுக்குத்தான் முதலில் கிடைத்திருக்கிறது.

கிளம்பும்போது அவள் சொல்லிவிட்டுப் போனாள்:

"நாய் டாக்டரம்மாகிட்ட எல்லாம் பேசிட்டேன்பா. அவங்க சொல்றதை அப்படியே செய்யணும். சனிக்கிழமை சனிக்கிழமை கூட்டிட்டுப் போய் எடை பார்க்கணும். ஒரு வாரம் தவறுச்சு, நான் வேலையை உதறிட்டு வந்துடுவேன்."

"ஒரு நாய்க்காகவா?"

"எனக்கு இருக்கறதே ரெண்டு பேருதான்" என்று அவள் பையைத் தூக்கினாள்.

அவள் சொன்னால் செய்துவிடுகிற ரகம். அதனால்தான் மெக்கானிக்கின் காதில் ரப்பர் குழாய்.

மூக்கில் காற்று போகவில்லை என்று அவராகவே முடிவு செய்து, மேசை விசிறியை மாப்பிள்ளையின் முகத்துக்கு நேராக வைத்தார். மாப்பிள்ளைக்கு அது பிடித்துப்போயிற்று. மூன்று நாள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பட்டறைத் தூசியெல்லாம் பறந்து வந்து அதன் முகத்து மடிப்புகளில் அடைந்தது.

நாலாம் நாள் நாற்றம் அடித்தது. ஈரத்துணியால் மடிப்பு மடிப்பாகத் துடைத்துவிட்டார். துருப்பிடித்த பாகத்தைக் கூட அவர் அவ்வளவு பக்குவமாகத் துடைத்ததில்லை. மறுநாள் மடிப்பெல்லாம் புண்.

சனிக்கிழமை கிளினிக்கில் டாக்டரம்மா மடிப்பை விரித்துப் பார்த்தார்.

"தண்ணியில துடைச்சீங்களா?"

"ஆமாம்மா."

"துடைச்சுட்டு ஈரத்தை ஒத்தி எடுத்தீங்களா?"

மெக்கானிக் கூரையைப் பார்த்தார்.

"ஈரம் நின்னா புண்ணுதான். காய வைக்கணும். அப்புறம், இந்த மூச்சுச் சத்தம். மூக்கு சப்பையா இருக்கற இனம், கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஆனா உடம்பு ஏற ஏற மோசமாகும். முதல்ல எடை பார்ப்போம்."

எடை மெஷினில் மாப்பிள்ளை நிற்க மறுத்தது. ஏற்றினால் வழிந்து இறங்கியது. கம்பவுண்டரம்மா அலட்டிக்கொள்ளவில்லை.

"அண்ணே, தூக்கிட்டு நீங்க ஏறுங்க. அப்புறம் இறக்கி விட்டுட்டு நீங்க மட்டும் ஏறுங்க. கழிச்சா நாய் எடை."

மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. "லாரிக்கும் இதேதான்மா. எடை மேடையில லோடு வண்டியை ஏத்துவோம், அப்புறம் காலி வண்டி. அப்ப நான்தான் காலி வண்டி."

"அப்படியே வச்சுக்கங்க."

இரண்டும் சேர்ந்து நூற்று இருபத்து நாலு. அவர் மட்டும் தொண்ணூற்றாறு. நாய் இருபத்தெட்டு. கம்பவுண்டரம்மா மூன்றையும் அட்டையில் எழுதினார்.

"நாலு கிலோ குறையணும்" என்றார் டாக்டரம்மா. "காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி மெதுவா நடக்க விடுங்க. வெயில்ல வேண்டாம். சாப்பாடு அளந்து. பக்கத்துல சிகரெட் கூடவே கூடாது. இதோட மூச்சுக்குழாய்க்குப் புகை ஆகாது."

"நான் வெளிய போய்க் குடிச்சுக்கறேன்."

"சட்டையில வர்ற வாசனையே போதும்."

மெக்கானிக் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார். மகளுடைய வேலை ஒரு பக்கம், சிகரெட் ஒரு பக்கம். பாக்கெட்டை வெல்டரிடம் கொடுத்தார்.

"எவ்வளவு நாளைக்கு?"

"மாப்பிள்ளை வீட்ல இருக்கற வரைக்கும்."

"சொந்த மாப்பிள்ளைக்குக் கூட எவனும் இதைச் செய்ய மாட்டான்யா" என்று வெல்டர் ஒன்றைப் பற்றவைத்தார்.

நடையில் அடுத்த குளறுபடி. நாலு கிலோ ஒரே வாரத்தில் குறைந்தால் நல்லதுதானே என்று, காலை மாலையோடு மத்தியானமும் ஒரு நடை சேர்த்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைத்தெரு முனையில் மாப்பிள்ளை நாலு காலையும் பரப்பிப் படுத்துவிட்டது. நாக்கு நீலம் பாய்ந்து தொங்கியது. குழாயடியில் நனைத்துவிட்டு, இருபத்தெட்டு கிலோவையும் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். கிளினிக் வாசலில் போய் நின்றபோது இரண்டு பேருக்கும் ஒரே சத்தம்: கொர், புஸ்.

டாக்டரம்மா நாய்க்கு ஈரத்துணி போட்டு விசிறியைத் திருப்பினார். பத்து நிமிஷத்தில் மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. மெக்கானிக் எழவில்லை.

"நீங்க எப்பவும் இப்படித்தான் மூச்சு வாங்குவீங்களா?"

"எனக்கென்னம்மா, பழைய வண்டி. சத்தம் வரும், ஆனா ஓடும். ஆஸ்பத்திரிக்கு வா வான்னு எம்பொண்ணும் ரெண்டு வருஷமா நச்சரிச்சா. ஓடற இன்ஜினைப் பிரிக்கக் கூடாதுன்னுட்டேன். நீங்க மாப்பிள்ளையைப் பாருங்க."

டாக்டரம்மாவும் கம்பவுண்டரம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, ஒண்ணு செய்ங்க" என்றார் டாக்டரம்மா. "அது சாப்பிடறப்பதான் நீங்களும் சாப்பிடணும். நீங்க தட்டு நிறைய வச்சுக்கிட்டா அது ஏங்கும், ஏங்கினா பிடுங்கித் தின்னும். அதனால உங்க தட்டுலயும் பாதி. எண்ணெய்ப் பலகாரம் வீட்டுக்குள்ளயே வரக்கூடாது. வாசனைக்கே அது தவிக்கும்."

பாதித் தட்டுச் சாப்பாடு மூன்றே நிமிஷத்தில் தீர்ந்தது. மாப்பிள்ளை அவருடைய தட்டைப் பார்த்தது. தட்டைப் பார்த்த பிறகு அவரைப் பார்த்தது. கண்ணின் கீழ்ச்சதை தொங்க, கன்னம் தொங்க, உலகத்துத் துக்கமெல்லாம் அந்த முகத்தில் தொங்கியது. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போன நாட்களெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்தன.

"ஒரே ஒரு முட்டை. யாருகிட்டயும் சொல்லாத" என்று தன் தட்டிலிருந்து எடுத்து வைத்தார்.

அது தினசரி வழக்கமாயிற்று. முட்டை போய் முட்டையும் ரொட்டியும் ஆயிற்று.

சனிக்கிழமை சனிக்கிழமை எடை பார்த்தார்கள். மாப்பிள்ளையின் எடை இறங்கவே இல்லை. இருபத்தெட்டு, இருபத்தெட்டரை, மறுபடி இருபத்தெட்டு.

"வாராவாரம் என்னையும் எதுக்கு ஏத்தறீங்க?" என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். "போன வாரம் எழுதினதையே கழிச்சா ஆகாதா?"

"நீங்கதான சொன்னீங்க, காலி வண்டியைத் தனியா ஏத்தணும்னு. லாரிக்கு மட்டும் பழைய கணக்கை ஒத்துக்குவீங்களா?"

தொழில் நியாயம். மெஷினில் ஏறினார்.

எடை இறங்கவில்லையே என்ற பயத்தில் நடையைக் கூட்டினார். அரை மணி முக்கால் மணி ஆனது. மாப்பிள்ளை பாதி வழியில் உட்கார்ந்துகொள்ளும். மீதி வழிக்கு அதைத் தூக்கிக்கொண்டு இவர் நடப்பார். பேன்ட் இடுப்பில் நிற்காமல், ஃபேன் பெல்ட் துண்டு ஒன்றை வெட்டிக் கட்டிக்கொண்டார்.

"நாயைப் பார்த்துக்கிற கவலையில உருகிப் போயிட்டயே" என்றார் வெல்டர்.

"அது உருகினா போதும்யா எனக்கு."

ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் போனில் வருவாள். "எப்படிப்பா இருக்கு?" என்பாள். "நல்லா இருக்கும்மா" என்று இவர் பொய் சொல்வார். ஆச்சரியம், அவளும் ஒரு தடவை கூடச் சந்தேகப்படவில்லை. சிரித்துக்கொண்டே வைத்துவிடுவாள்.

மூன்று மாதம் முடிந்தது. மறுநாள் காலை அவள் வருகிறாள். கடைசிச் சனிக்கிழமை. டாக்டரம்மா உள்ளே ஒரு பூனைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். கம்பவுண்டரம்மா மட்டும் இருந்தார்.

தூக்கிக்கொண்டு ஏறினார். நூற்றுப் பதினெட்டரை. இறக்கிவிட்டு ஏறினார். எண்பத்தொன்பது.

கழித்தார்கள். மாப்பிள்ளை இருபத்தொன்பதரை.

மெக்கானிக் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சப்பை மூக்கு அவருடைய முழங்காலில் வந்து சாய்ந்தது.

"ஒண்ணரை கிலோ கூடியிருக்கு" என்றார் மெல்ல. "என் தப்புதான்மா. என் தட்டுல இருந்து எடுத்து எடுத்துப் போட்டேன். அது பார்க்கற பார்வை அப்படி. இத்தனை நாளா எம்பொண்ணுகிட்ட எல்லாம் சரியா இருக்குன்னு பொய் சொல்லிட்டிருந்தேன். நாளைக்கு இந்த அட்டையைப் பார்த்தா இங்கயே இருந்துடுவா. அந்த வேலை போச்சு."

"நீங்க பொய் சொல்லி என்ன? ஒவ்வொரு சனிக்கிழமையும் அவங்க இங்க போன் பண்ணி எடையைக் கேட்டுட்டுத்தான் இருந்தாங்க."

மெக்கானிக் நிமிர்ந்தார். "அப்ப எல்லாம் தெரியுமா? தெரிஞ்சும் ஏன் வேலையை விட்டுட்டு வரலை?"

கம்பவுண்டரம்மா அட்டையில் எண்பத்தொன்பதுக்குக் கீழே அழுத்தி ஒரு கோடு போட்டு, அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்க பொண்ணு வாராவாரம் கேட்டது நாய் எடையை இல்லண்ணே, காலி வண்டி எடையை."