இருபத்தெட்டு புள்ளி நான்கு

திருவண்ணாமலையில் அசையாதவை இரண்டு. ஒன்று மலை. மற்றொன்று, வேங்கிக்காலுக்கு அப்பால் இருக்கும் எங்கள் பொறியியல் கல்லூரியின் சென்சார் ஆய்வகத்து வெப்பநிலை. பன்னிரண்டு ஆண்டுகளாக அது 28.4 டிகிரி. அடைமழையிலும் அதுதான், கிரிவலப் பாதையில் தார் இளகும் மே மாதத்திலும் அதுதான்.

இந்தச் சாதனைக்குக் காரணம் எங்கள் 'கற்பித்தல் முறை'. சீனியர் தன் ரெக்கார்டு நோட்டை ஜூனியருக்குத் தருவார். ஜூனியர் ஒரு புள்ளி பிசகாமல் பார்த்து எழுதுவார். சென்சார்கள் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருக்கும். ஆயுத பூஜைக்கு வெளியே வந்து சந்தனம், குங்குமம் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஆய்வகப் பொறுப்பாளர் என்ற முறையில் சாவி என்னிடம். இரண்டு மின்விசிறி கேட்டு நான் எழுதிய கடிதம்கூட, '28.4 டிகிரியில் விசிறி அவசியமில்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. ஆவணத்தின்மேல் அலுவலகத்துக்கு அவ்வளவு மரியாதை.

செய்முறைத் தேர்வன்று மேசைமேல் சென்சார் இருக்க வேண்டும் என்பது விதி. அதைத் தொடக் கூடாது என்பது பொது அறிவு.

இந்த மே மாதத் தேர்வில், கீழ்பென்னாத்தூர் மாணவி சிந்துஜாவுக்கு அந்தப் பொது அறிவு போதவில்லை. சென்னைக் கம்பெனி ஒன்று அவளை வேலைக்கு எடுத்திருந்தது. ஒரே நிபந்தனை, அரியர் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட பெண் மூன்று வயரை இணைத்து, இருபது வரி புரோகிராம் எழுதி, ஓட்டியும் பார்த்துவிட்டாள். திரையில் 41.2 வந்தது.

பக்கத்து மேசை கோபி பதறினான். "ஏய் சிந்து, என்ன பண்ற? இருபத்தெட்டு புள்ளி நாலுன்னு காட்டச் சொல்லி ஒரே வரி போடு. நான் வயரே மாட்டல, சூப்பரா வந்துச்சி."

வெளித் தேர்வாளர் ராஜமாணிக்கம் வந்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கைக்குட்டையைப் பிழிந்து, மறுபடி முகத்தைத் துடைத்தார்.

"இன்னாம்மா இது, நாப்பத்தொண்ணா? ரொம்ப ஜாஸ்தியா இருக்கே."

"சென்சார் அப்படித்தான் காட்டுது சார்."

"அது காட்டும். ரெக்கார்டுல இன்னா இருக்கு?"

"சார், உங்களுக்கே எப்படி வேர்க்குது பாருங்க."

"என் வேர்வை சிலபஸ்ல இல்லம்மா."

அவள் சென்சாரைக் கைக்குள் பொத்தினாள். திரையில் எண் இறங்கியது: 40, 38, 36. "பாருங்க சார், ரூமைவிட என் கை கம்மி. நல்லாத்தான் வேலை செய்யுது."

"தொட்டா மாறுது. இதுக்கு நிலையே இல்லையே!" என்று அவர் என்னைப் பார்த்தார். "கோபியோடது எவ்ளோ ஸ்டெடியா நிக்குது!"

சிந்துஜாவும் என்னைப் பார்த்தாள். "சார், நீங்க சொல்லுங்க. இந்த இருபத்தெட்டு புள்ளி நாலை மொதல்ல அளந்தது யாருங்க சார்?"

"முன்னோர்கள்" என்றேன், உரிய பணிவோடு.

"நான் பார்த்ததைத்தான் எழுதுவேன் சார்" என்று 41.2 எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். கோபிக்கு நூற்றுக்கு நூறு. சிந்துஜாவுக்கு 'மறுதேர்வு, நவம்பர்'. கம்பெனி நவம்பர் வரை காத்திருக்காது.

மதிப்பெண் பட்டியலில் இரண்டு கையெழுத்து வேண்டும். இரண்டாவது என்னுடையது. போட்டேன். வியர்வை சொட்டி மை கொஞ்சம் பரவியது. அந்தச் சென்சாருக்கு 'பழுது' என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

பெருமைக்காகச் சொல்லவில்லை, வரலாறு பிழையாகிவிடக் கூடாது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், இந்தக் கல்லூரியின் முதல் பேட்ச் மாணவனாக, 28.4 என்று முதன்முதலில் எழுதி நூற்றுக்கு நூறு வாங்கியவன் நான்தான்.

அந்த வருடம் சென்சார் இன்னும் வாங்கியிருக்கவில்லை.