கட்டத்துக்குள் ஓர் ஆந்தை

யாருமே பார்க்காத ஆந்தையை வளர்த்த ஒரே மனிதர், ஓசூரில் எங்கள் லேபிள் அண்ணன்தான்.

2009 கடைசி. வண்டி உதிரிபாகக் கம்பெனியில் அவர் லேபிள் அச்சடிப்பார். ஒன்பதாவதோடு படிப்பை விட்ட நான், காண்ட்ராக்ட் ஆளாக அதைப் பெட்டிகளில் ஒட்டுவேன். ஒருநாள் கம்ப்யூட்டர் முன்னால் கூப்பிட்டார்.

"தம்பி, எகிப்துக்காரன் பாறையில செதுக்கின ஆந்தை எழுத்துக்கு இப்பத்தான் கம்ப்யூட்டர்ல நம்பர் குடுத்திருக்காங்க. ஒண்ணு மூணு ஒண்ணு அஞ்சு மூணு. எந்த நாட்டுல தட்டினாலும் இதே ஆந்தைதான்."

திரையில் வெறும் கட்டம்தான் இருந்தது.

"ஆந்தை எங்கண்ணா?"

"உள்ளதான் உக்காந்திருக்குது. அந்த எழுத்தோட படம் நம்ம மிஷின்ல இல்ல, அதான் கட்டமாத் தெரியுது."

அன்றிலிருந்து அவருடைய டிபன் பாக்ஸ், ஹெல்மெட், லாக்கர் எல்லாவற்றிலும் கையால் வரைந்த கட்டத்தை ஒட்டியிருந்தார். கேண்டீனில் யாராவது கேட்டால் போதும், சாம்பார் ஆறும்வரை விளக்குவார்.

பெங்களூர் லாரி கிளம்பும் நாளில், பிரிண்டரிலாவது ஆந்தை முகம் காட்டுமா என்று லேபிள் மூலையில் அதைத் தட்டிப் பார்த்தவர், அழிக்க மறந்துவிட்டார். மூலையில் வெறும் கட்டத்தோடு அச்சான அத்தனை லேபிளையும் நான் ஒட்டியும் முடித்தேன்.

எங்கள் கம்பெனியில் கட்டம் என்றால் இன்ஸ்பெக்ஷன் கட்டம். அதில் டிக் இல்லாத பெட்டி கேட்டைத் தாண்டாது. செக்யூரிட்டி லாரியை நிறுத்திவிட்டார். வேலை போச்சு என்ற பயத்தில் எனக்கு ஆந்தை ஞாபகமே வரவில்லை. பேனாவை எடுத்து நானே டிக் போட ஆரம்பித்தேன். நாற்பதாவது பெட்டியில் இன்ஸ்பெக்ஷன் சார் வந்து நின்றார்.

"நான் பாக்காத பெட்டிக்கு நீ யாருடா டிக் போட? பையத் தூக்கிட்டுக் கெளம்பு."

பின்னாலிருந்து லேபிள் அண்ணன் குரல் கேட்டது.

"அது டிக் கட்டம் இல்லீங்க சார். ஆந்தைங்க."

"என்னது?"

"உள்ள ஆந்தை இருக்குதுங்க. நான்தான் வெச்சேன். பையன் மேல தப்பு இல்லீங்க."

"ஏய்யா, லாரி கெளம்பற நேரத்துல ஆந்தைங்கறியே, வெளங்குமா?" என்று கத்திய சார், முதலில் லேபிள்களைக் கிழிக்கச் சொன்னார். மூன்று நாள் வேலைக்கு வரவேண்டாம் என்று அண்ணனிடம்தான் சொன்னார், என்னிடம் அல்ல.

இருவரும் உட்கார்ந்து கிழித்தோம். நான் டிக் போட்ட பெட்டிகளுக்கு வந்ததும் அண்ணன் கை நின்றது.

"ஏன் தம்பி, நாப்பது ஆந்தையப் பேனாவால குத்திட்டியே."

அன்றைக்கு அவர் என்னைக் கடிந்துகொண்டது அதற்கு மட்டும்தான்.