பள்ளி ஏலத்தில் எங்கள் கியர் பொக்ஸ்

சாய்ந்தமருது
திங்கட்கிழமை

பேரன்புக்குரிய ஜுனைட் மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தோஹாவில் நீங்களும் மாமியும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருக்க வல்ல நாயனை இறைஞ்சுகிறேன். இங்கே வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் எனக்கும் சுகம். நீங்கள் எங்களிடம் விட்டுப்போன பழைய டபுள் கெப் வண்டிக்கு எங்கள் எல்லோரையும் விடச் சுகம்.

இதைக் கையால் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். தொலைபேசியில் என்றால் எனக்கு வார்த்தை வராது, உங்களுக்கு வார்த்தை நிற்காது. குறை நினைக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய குரல் செய்தியை மூவரும் ஒன்றாக இருந்துதான் கேட்டோம். "அந்த உடைஞ்ச ஓட்டோ கியர் பொக்ஸைக் கழட்டி வீசுங்க, கை கியரைப் போடுங்க, மச்சானுக்கு ஏலாதெண்டா டிரைவர் ஒராளை வைங்க, நான் பெருநாளைக்கு வாறத்துக்குள்ள முடிங்க" என்று சொல்லியிருந்தீர்கள். கேட்டு முடித்ததும் வாப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அன்று அவருக்குப் போட்ட பகல் சோறு அப்படியே ஆறிக் கிடந்தது. மாமா, டிரைவர் என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் தயவுசெய்து திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். தோணியில் வழுக்கி விழுந்ததிலிருந்து வாப்பாவின் இடது முழங்கால் மடிவதில்லை. கிளச் மிதிக்க அந்தக் கால்தான் வேண்டும். தானாகவே கியர் மாறும் ஓட்டோவுக்கு வலது கால் போதும். கரையில் மீனை ஏற்றிக்கொண்டு சவளக்கடைப் பக்கம் போய், ஒவ்வொரு தெரு முடக்கிலும் ஹோன் அடித்து, "பாரை இருக்கு, சூடை இருக்கு, ஓடி வாங்க" என்று கூவுவதுதான் அவருடைய உலகம். வேறொருவர் ஓட்ட, அவர் பக்கத்தில் குந்தியிருப்பதென்றால், பின்னால் ஐஸ் பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொள்வது மேல் என்று அவரே சொன்னார்.

ஆகவே தீர்மானத்தை நான் எடுத்தேன். ரீகண்டிஷன் செய்த ஓட்டோ கியர் பொக்ஸ் ஒன்று வாங்குவது. இந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான், அதுவும் புவியியலில். புவியியலுக்கும் கியர் பொக்ஸுக்கும் என்ன தொடர்பு என்று உம்மா கேட்டார். பட்டத்துக்கும் வேலைக்குமே இன்னும் தொடர்பு கிடைக்காத நிலையில் அதைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். கொழும்பில் ஒரு கடைக்குப் போன் எடுத்து, எங்கள் கெப்பின் எஞ்சின் இலக்கத்தைச் சொல்லி, உள்ளே எந்தத் தட்டு புதிது, எந்த சீல் புதிது என்று எழுதி வைத்திருந்த கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டேன். "நீங்க கராஜா வச்சிருக்கீங்க, மிஸ்?" என்றார் கடைக்காரர். எனக்கு வெட்கத்தில் வாய் வரவில்லை. நான் பேசாமல் இருந்தது அவருக்குப் பேரம் போலப் பட்டதோ என்னவோ, தானாகவே விலையைக் குறைத்தார். மறுபடியும் பேசாமல் இருந்தேன். மறுபடியும் குறைத்தார். கடைசியில், "பழைய பெட்டியத் திருப்பி அனுப்பினாத்தான் வொறண்டி, பழுதானா மாத்தித் தருவம், மறந்திராதீங்க" என்றார். நான் மறக்கவில்லை, மாமா. அதை வாப்பாவிடம் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அவர் கதைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் நடந்தது.

புதுப் பெட்டி வந்து இறங்கியதும் காரைதீவிலுள்ள சுஜிந்தனின் கராஜில் வேலை தொடங்கியது. எண்ணெய்க் குளிரூட்டியையும் குழாய்களையும் கழுவாமல் புதுப் பெட்டியைப் பூட்டினால், பழையது உதிர்த்த தூளே புதியதையும் தின்றுவிடும் என்று நான் இணையத்தில் படித்திருந்தேன். அதை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். சுஜிந்தன் வாசித்துவிட்டு, "இதத்தான் தங்கச்சி நான் இப்ப செய்துகொண்டு நிக்கிறன்" என்று சிரித்தார். வாப்பாதான் தொல்லை.

"காக்கா, வெளிச்சத்த மறைக்காதீங்க" என்பார் சுஜிந்தன், சொந்த அண்ணனிடம் சொல்வதுபோல.

"நான் மறைக்கல்ல மனே, பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறன்."

"நீங்க பாக்கிற பார்வையில எனக்கு நட்டுக் கையில நிக்குதில்ல. போய் ஒரு பிளேன்டி குடிச்சிட்டு வாங்க."

பூட்டி முடித்து, எண்ணெய் ஊற்றி, கியரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, வாப்பாவை ஏற்றிவிட்டார்கள். கெப் ஒரு சத்தமும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. வாப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில், வரும் வழியிலேயே, பழைய கியர் பொக்ஸைத் தர்மமாக, ஸதக்காவென்று, எங்கள் பள்ளிவாசலில் இறக்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

நான் வொறண்டியைச் சொன்னேன். வாப்பாவின் முகம் கறுத்துப் போனது. ஓடிப்போய் மௌலவியிடம் கேட்டார். "குடுத்த ஸதக்காவக் குடுத்த ஆளே திருப்பி வாங்கிறது அழகில்ல காக்கா. ஜும்ஆக்குப் பிறகு ஏலத்தில வரும். வேற ஆராவது கேட்டு எடுக்கட்டும்" என்று அவர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை, பள்ளிக்கு வந்த சேவல், முருங்கைக்காய்க் கட்டு, பலாப்பழம் எல்லாம் ஏலம் போவது உங்களுக்குத் தெரியும். அது ஒலிபெருக்கியில் வீடுவீடாகக் கேட்பதும் தெரியும். நானும் உம்மாவும் குசினியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அடுத்தது, பதியுதீன் காக்கா தந்த கியர் பொக்ஸ்! நல்ல பாரம்! கேளுங்க!" என்றார் பாங்கு சொல்லும் மோதினார்.

சேவல் விலையில் தொடங்கியது. முதலில் கேட்டது சாச்சியின் கணவர் ஜவாத் சாச்சா. உம்மா தனக்குள் சிரித்துக்கொண்டார். உடனே அடுத்த வீட்டு மஜீட் காக்கா கூட்டிக் கேட்டார். சாச்சா விடவில்லை. மஜீட் காக்காவும் விடவில்லை. விலை சேவலைத் தாண்டி, ஆட்டைத் தாண்டி, குர்பான் மாட்டில் ஒரு பங்கு வரைக்கும் வந்துவிட்டது. உம்மா மதிலடிக்கு ஓடி, மஜீட் காக்காவின் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஸுஹைறா! உன்ட மனிசனுக்கு என்ன வருத்தம்? உடைஞ்ச இரும்புக்கு ஆராவது இப்பிடிக் கேட்பாங்களா?"

"எனக்கிட்டக் கத்தாதீங்க ராத்தா! உங்கட மனிசன்தான் வந்து கெஞ்சி அவர அனுப்பினாரு. என்ன விலையெண்டாலும் எடுக்கச் சொன்னாரு. நபீஸாக்குத் தெரியப்படாதாம் எண்டும் சொன்னாரு!"

தன் பெயரைக் கேட்டதும் உம்மா நெஞ்சில் கை வைத்தார்.

"அப்ப அங்கால கேட்கிற ஜவாத் ஆர்ர ஆள்?" என்றார் ஸுஹைறா மாமி.

"அது நான் அனுப்பின ஆள்" என்றார் உம்மா. "அவருக்குத் தெரியப்படாதெண்டு."

இருவருக்கும் போன் எடுத்தோம். பள்ளிக்குள் போனை நிறுத்தி வைக்கும் ஒழுக்கமுள்ள மனிதர்கள் இருவரும். வேறு வழியில்லை, மாமா. வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட மெதுவாகப் பதில் சொல்லும் நான், முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடி, பள்ளி மதிலுக்கு வெளியே நின்று, "சாச்சா! மஜீட் காக்கா! ரெண்டு பேரும் எங்கட வீட்டு ஆள்தான்! நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். மைக் மதிலோரம் இருந்திருக்கிறது. சாய்ந்தமருது முழுக்கக் கேட்டதாம். தோஹாவுக்கும் வந்திருந்தால் அது நான்தான். அதற்குப் பிறகு ஏலம் எதிர்ப்பக்கமாகப் போனது. "அவருக்கே குடுங்க" என்றார் சாச்சா. "சேச்சே, முதல் கேட்டவருக்குக் குடுங்க" என்றார் மஜீட் காக்கா. மௌலவி சிரித்த சிரிப்பும் ஒலிபெருக்கியில் வந்தது. கடைசியாகக் கேட்டது மஜீட் காக்கா என்பதால் அவர் பெயரிலேயே முடிந்தது. அவரே அதைக் கொழும்புக்கு ஏற்றியும் விட்டார்.

ஆகவே வொறண்டி உறுதி. கெப் உறுதி. வாப்பா தினமும் மீனோடு போய் வெறும் பெட்டியோடு வருகிறார், சோறும் ஒழுங்காகத் தின்கிறார். ஓட்டோவே சரி என்ற என் முடிவில் எள்ளளவும் சந்தேகமில்லை. கை கியர் என்ற கதை இந்த வீட்டில் இனி எழாது என்று உங்களுக்கு உறுதியாக எழுதுகிறேன்.

மாமிக்கு எங்கள் ஸலாம். பிள்ளைகளுக்கு என் முத்தம். உங்கள் உழைப்பிலும் ஆயுளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. பெருநாளைக்கு வாருங்கள், வாப்பாவே விமான நிலையத்துக்கு வந்து ஏற்றுவார்.

உங்கள் துஆவை நாடும் மருமகள்,
நுஸ்ஹா

பி.கு.: இதைப் படம் பிடிக்கப் போகும் நேரத்தில் வாப்பா பள்ளியிலிருந்து வந்தார். கெப் கராஜில் கிடந்த காலமெல்லாம், சுஜிந்தனைக் காவல் காக்கவென்று காரைதீவுக்கு நடந்தே போய் நடந்தே வந்திருக்கிறார். டொக்டர் நடக்கச் சொல்லிக் கெஞ்சியபோது கேட்காத மனிதர். இன்று சுபஹ் தொழுகையில், கதிரையில் இருந்து தொழுபவர், மறந்துபோய் நெற்றி நிலத்தில் பட ஸுஜூதுக்குக் குனிந்திருக்கிறார். முழங்கால் முழுசாக மடிந்ததாம். அல்ஹம்துலில்லாஹ். இப்போது கெப்பில் ஏறி இடது காலை ஆட்டிக்கொண்டிருக்கிறார். "மகள், இந்தக் கால் சும்மா கிடந்து வேலை கேட்குது. ஜுனைட் மச்சான் சொன்னதுதான் சரி, கை கியரையே போட்டிருக்கலாம்" என்கிறார். கை கியருக்கு மாற்ற வேண்டுமென்று சுஜிந்தனுக்கும் சொல்லிவிட்டாராம். டிரைவர் மட்டும் வேண்டாமாம்.