ஷேடு கார்டும் என் மஞ்சள் கீரையும்

இந்த உலகத்தில் மஞ்சள் என்று ஒரு நிறமே கிடையாது என்று என் முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் ஷேடு கார்டுதான்.

"சும்மா மஞ்சனு சொல்றவன் குருடன் அண்ணாத்தே. எலுமிச்ச மஞ்ச கீது, வெண்ண மஞ்ச கீது, சாமந்தி மஞ்ச கீது, கோழிக்குஞ்சு மஞ்ச கீது. எந்த மஞ்சனு சொல்லு, அப்பால பேசலாம்" என்பார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். காட்டுப்பாக்கத்தில் எங்கள் தெருவில் அது யாருக்கும் தெரியாது. ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டிக்கு அடித்த பச்சையும் சாம்பிள் பச்சையும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவர் வேலை. வேலை விட்டாலும் கை விடவில்லை. பெயின்ட் நிறங்களை வரிசையாக ஒட்டிய, விசிறி போல விரியும் ஷேடு கார்டு ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். எதைப் பார்த்தாலும் அதை விரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். கரன்ட் போனால் அதாலேயே விசிறிக்கொள்வார்.

டீக்கடையில் கிளாஸைத் தூக்கி வெயிலில் பிடித்துக் கார்டை விரிப்பார். "நேத்திக்கி இன்னிக்கி ரெண்டு ஷேடு டல்லு. பால்ல இன்னா ஊத்தன?" அவர் தலையைக் கண்டதும் டீ மாஸ்டர் முதலில் பால் பாத்திரத்தை மூடுவார், அப்புறம்தான் வணக்கம் சொல்வார்.

பக்கத்து வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் போட்டோ முன்பே வந்திருந்தது. ஷேடு கார்டு போட்டோவில் ஒரு தரம், மாப்பிள்ளை கன்னத்தில் ஒரு தரம் கார்டை வைத்துப் பார்த்துவிட்டு, "போட்டோக்கும் ஆளுக்கும் நாலு ஷேடு கணக்கு ஒதைக்குதே" என்றார். பெண்ணின் அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். நல்லவேளை, மாப்பிள்ளையே விழுந்து விழுந்து சிரித்துவிட்டான். அதைப் பார்த்துப் பெண்ணும் சிரித்தாள், கல்யாணம் நடந்தது. அவன் சிரிக்காமல் போயிருந்தால் ஷேடு கார்டின் முதுகு நாலு ஷேடு மாறியிருக்கும்.

அவர் பொய்யே சொல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். வயசில் பொய், வாங்கிய சம்பளத்தில் பொய், சர்க்கரை அளவில் டாக்டரிடமே பொய். நிறத்தில் மட்டும் சொல்ல மாட்டார். தலையை வெட்டினாலும் மாட்டார்.

இனி என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வார்த்தையில் அடங்காது, முயற்சி செய்கிறேன். நான் அஞ்சாவது தாண்டாதவன். தண்ணி லாரியில் கிளீனராக ஏறி முதலாளியாக இறங்கியவன். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டுத் தொட்டியில் விழுவது என் போர் தண்ணீர்தான். பெரிய படிப்பு படித்தவன் எல்லாம் காலையில் எனக்குப் போன் போட்டு, "அண்ணே, ஒரு லோடு" என்று கெஞ்சுவான். அந்தக் குரலைக் கேட்டால்தான் எனக்குக் காபி இறங்கும்.

இப்படிப்பட்ட என்னை ஆட்டி வைக்க ஒருவர் வந்தார். என் சம்பந்தி, அதாவது மருமகளின் அப்பா. தெற்கத்திக்காரர், ஆவடி குவார்ட்டர்ஸில் இருப்பவர். ஒவ்வொரு தரமும் ஒரு பை நிறையக் கத்தரிக்காய், முருங்கை, வாழைப்பூ என்று கொண்டுவந்து கூடத்தில் கொட்டி, "எல்லாம் நம்ம தோட்டம் சம்பந்தி" என்பார். கேட்டுக் கேட்டு ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"பேரனுக்குக் காது குத்துறோம் இல்ல? அன்னிக்கி என் மாடில வெளைஞ்ச புளிச்சக்கீரைதான் பந்தியில" என்று சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். "நீங்களா? சரி சம்பந்தி, பார்ப்போம்."

அந்தப் "பார்ப்போம்" என்னைக் கடைசி வரை தூங்கவிடவில்லை.

ஷேடு கார்டிடம் காலி பெயின்ட் பக்கெட்டுகள் வாங்கினேன். அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் எருவும் நிரப்பி விதை போட்டேன். எல்லாம் முளைத்தன. கை வைத்தது யார்? ஆனால் விரல் விரித்த மாதிரி இலை விட ஆரம்பித்ததும் நிறம் மாறியது. புது இலைகளில் நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள்.

தெருவே மருத்துவம் பார்க்க வந்தது. ஒருவர் டீத்தூள் போடச் சொன்னார், ஒருவர் மோர் ஊற்றச் சொன்னார், ஒருவர் யூரியா என்றார். எல்லாவற்றையும் போட்டேன். இலை ஓரம் கருகியதுதான் மிச்சம்.

என் வீட்டுக்காரி துணி காயப்போட வந்தவள் சொன்னாள்: "ஊருக்கே தண்ணி ஊத்தற மனுசன். நாலு செடிக்கு ஊத்தத் தெரியல."

கடைசியில் ஷேடு கார்டை அழைத்தேன். கார்டை விரித்து இலை இலையாக வைத்துப் பார்த்தார். "வெண்ண மஞ்ச. ப்ரைமர் அடிக்காம பெயின்ட் அடிச்சா இப்டிதான் ஆவும்" என்று சொல்லி, சுண்ணாம்பைக் கரைத்து எல்லா பக்கெட்டிலும் ஊற்றினார். நாலே நாளில் நரம்பும் வெளுத்தது.

"யோவ், இன்னாய்யா இது?"

"கோழிக்குஞ்சு மஞ்ச" என்றார், கார்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இதற்கு நடுவில் யாரோ ஒரு புண்ணியவான் மாடியைப் பார்த்துவிட்டு, அந்த இலை ஒரு மாதிரி இருக்கிறதே என்று போலீஸுக்குச் சொல்லிவிட்டான். புளிச்சக்கீரையின் இலை, கஞ்சா இலைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். கான்ஸ்டபிள் ஒருவர் படியேறி வந்து ஒரு செடியைக் குனிந்து பார்த்தார். எனக்கு முன்னால் ஷேடு கார்டு பாய்ந்தார்.

"சார், இது கஞ்சா இல்ல. கஞ்சா இந்த ஷேடே இல்ல சார்!"

கான்ஸ்டபிள் நிமிர்ந்தார். "அது இன்னா ஷேடுனு உனக்கு எப்டி தெரியும்?"

ஷேடு கார்டின் நிறத்தை அப்போது யாராவது கார்டு வைத்துப் பார்த்திருக்க வேண்டும். நான்தான் ஓர் இலையைக் கிள்ளி, "வாயில போட்டுப் பாருங்க சார்" என்று நீட்டினேன். மென்றார். ஒரு கண் மூடிக்கொண்டது. "புளிக்குது" என்று ஒப்புக்கொண்டு, "நல்லா வளந்தா சொல்லுப்பா. எங்க ஊட்டுல தொவையல் அரைப்பாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மறுநாள் காலை ஷேடு கார்டு என் கதவைத் தட்டினார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அண்ணாத்தே, ரோசன பண்ணிக்கினே இருந்தேன். பசியில வாடற செடினா அடி இலதான் மொதல்ல பழுக்கும். உன்துல அடி இல நல்லா கீது, புதுசா வர்ற இலதான் மஞ்ச. அதாவது அடி கோட் நிக்குது, மேல் கோட் நிக்கல. இதுக்கு ஒரே காரணம், பெயின்ட்ட கரைக்கற தின்னர் சரியில்ல."

"செடிக்கு ஏதுய்யா தின்னர்?"

"தண்ணிதான். உன் தண்ணி சரியில்ல, ஒரே உப்பு. நாம ஊத்துன சுண்ணாம்பு வேற அதோட சேந்துகிச்சி."

வாசலில் என் லாரி டிரைவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ரெண்டு வாடிக்கைக்காரர்களும் இருந்தார்கள். என் போர் தண்ணீரை! ஊரே குளிக்கிற தண்ணீரை!

"யோவ், இந்தத் தண்ணில குளிச்சிதான்யா நீ இந்தக் கலர்ல கீற!"

"அதான் சொல்றேன்" என்றார்.

பெரிய சண்டை. முடிவில் ஒரு பந்தயம். சுண்ணாம்பு மண்ணைக் கொட்டிவிட்டுப் புது மண் போட்டு, அதே செடிகளை மாற்றி நட்டோம். என் மகன் அறையின் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து எல்லாச் செடிக்கும் ஊற்றுவது அவர் பொறுப்பு. மூலையில் ஒரு பக்கெட்டுக்கு மட்டும் என் தண்ணீர். மகன் குளிருகிறது என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏசியை ஓடவிட்டான். ஷேடு கார்டு தினமும் காலையில் மாடிக்கு வந்து, புது இலைக்குப் பக்கத்தில் கார்டை வைத்து, கீழே இருக்கிற எனக்குக் கேட்கிற மாதிரி கத்துவார்: "கிளிப்பச்ச! ... மாவிலப்பச்ச! ... அண்ணாத்தே, வண்டிப்பச்ச வந்திரிச்சி!"

மூலைப் பக்கெட்டைப் பற்றி மட்டும் ஒன்றும் கத்த மாட்டார். அந்த மௌனம்தான் எனக்கு எரியும்.

காது குத்து நாள் வந்தது. பந்தியில் என் மாடிக் கீரைக் கடையல். சம்பந்தி ரெண்டாவது தரம் கேட்டு வாங்கினார். எனக்கு நெஞ்சு பூரித்துச் சட்டைப் பொத்தான் தெறிக்கப் பார்த்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "வாங்க, தோட்டத்தப் பாருங்க" என்று நானே மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பின்னாலேயே பாதித் தெரு ஏறியது, அத்தனை பேரும் என்னிடம் தண்ணீர் வாங்குகிறவர்கள். மூலைப் பக்கெட்டை ஒளித்து வைக்க மறந்திருந்தேன்.

சம்பந்தி நேராக அங்கேதான் போனார். "ஏன் சம்பந்தி, எல்லாம் ஒரே கீரைன்னு சொன்னீங்க. இது மட்டும் ஏன் காமாலை கண்ட மாதிரி நிக்குது? இதுக்கு என்ன தண்ணி ஊத்துறீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஷேடு கார்டைப் பார்த்தேன். அவர் பையிலிருந்து கார்டை எடுத்தார். விரித்தார். குனிந்து அந்த மஞ்சள் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"சார், இது வேற ரகம்" என்றார். "மஞ்சப் புளிச்ச. ஆந்திரா வெத. இதோட ஒரிஜினல் ஷேடே இதான்."

சம்பந்தி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அப்படியா? இத்தனை வருஷத்துல நான் பார்த்ததே இல்லையே."

"ஆவடி மண்ணுல வராது சார்."

"ஒரு பிடி விதை கிடைக்குமா?"

"காய்ச்சதும் சொல்றோம் சார்."

கூட்டம் இறங்கிய பிறகு நானும் அவரும் மட்டும் மாடியில் நின்றோம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கார்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"யோவ், நீ போயி கலர்ல பொய் சொன்னியா?"

"இன்னா பண்ண சொல்ற அண்ணாத்தே? அப்போ உன் மூஞ்சி போன ஷேடு, என் கார்டுலயே இல்ல."

இப்போது அவர் வெள்ளானூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். என் மாடிக் கீரைக்கெல்லாம் ஏசி தண்ணீர்தான். ஆனால் மூலையில் ஒரு பக்கெட்டுக்கு மட்டும் இன்றைக்கும் என் லாரி தண்ணீரையே ஊற்றி வருகிறேன். அந்த மஞ்சள் ரகம் அழிந்துபோய்விடக் கூடாது பாருங்கள்.